இல்லாத நோயாளிக்கு டிஸ்சார்ஜ்

விடியற்காலை ஐந்து மணி. ஈ காக்காய் இல்லாத தெரு. நர்ஸ் சீருடையோடு ஒருத்தி தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தாள்... ஒரு செருப்பு காலில், இன்னொன்று கையில். காதில் போன். வீட்டில் மணி அடிக்கிறது... அடிக்கிறது... யாரும் எடுக்கவில்லை.

என் தோழி ஒருத்தியின் சித்தி அவள். பதினெட்டு வருட சர்வீஸில் வார்டை விட்டு ஓடியது அன்றைக்குத்தான். ஏன் ஓடினாள்? இருங்கள்... போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேளுங்கள்.

சித்தி படித்தது டிப்ளமோ. அவள் ஊசி போட்டால் குழந்தைகூட அழாது. அதெல்லாம் யாருக்கு வேண்டும்? பட்டம் இல்லாத நர்ஸுக்கு இந்த வருடத்தோடு வேலை இல்லை என்று உத்தரவு வந்துவிட்டது. ஆன்லைனில் பி.எஸ்சி. சேர்ந்தாள். ராத்திரி டியூட்டி, பகலில் வகுப்பு. தூக்கம்? பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது வருவதுதான். புருஷன் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவன். பன்னிரண்டு வயது மகள் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு தனியாகப் படுப்பாள். யார் தட்டினாலும் திறக்கக் கூடாது... அம்மா போட்ட சட்டம்.

கடைசிப் பாடம் கேஸ் ஸ்டடி. ஒரே நோயாளியை வாரக்கணக்கில் கவனித்து, அட்மிஷன் முதல் வீட்டுக்கு அனுப்புவது வரை எழுத வேண்டும். சித்திக்கோ மூச்சுவிட நேரமில்லை. என்ன செய்தாள் தெரியுமா? சார்ட் எழுதியே தேய்ந்த கை அல்லவா... ஒரு நோயாளியைச் சொந்தமாகத் தயாரித்துவிட்டாள்!

வயதான ஆண். பக்கவாதம். இடது காலை இழுத்து இழுத்து நடப்பார். நெஞ்சில் தைலம் தேய்க்காமல் தூங்க மாட்டார். நாதியற்றவர். படுக்கை... வார்டுக் கோடியில் ஏழாம் நம்பர். உடைந்த கட்டில், யாரையும் அதில் படுக்க வைப்பதில்லை. பெல் வயரைக்கூடக் கழற்றியாகிவிட்டது.

பேராசிரியை விடவில்லை. ‘வீட்டில் இவரை யார் பார்த்துக்கொள்வார்கள்? அந்தப் பகுதி இல்லாமல் பாஸ் கிடையாது’ என்று திருப்பி அனுப்பிவிட்டார். அன்று விடிவதற்குள் அனுப்பியாக வேண்டும். தவறினால் பட்டமும் போச்சு, வேலையும் போச்சு.

கூட இருந்த நர்ஸ் கொட்டாவி விட்டபடி கிண்டலடித்தாள். “என்னடி, உன் ஏழாம் நம்பர்காரர் இன்னுமா வீட்டுக்குப் போகல?”

“இதோ அனுப்பிட்டேன். இனிமே அவர் பாடு.” சித்தி லேப்டாப்பில் பொத்தானைத் தட்டினாள்.

ட்ரிங்...

பெல் பலகையில் ஏழாம் நம்பர் விளக்கு எரிந்தது.

டார்ச்சை எடுத்துக்கொண்டு போனாள். கட்டிலில் யாருமில்லை. ஆனால் விரிப்பு கசங்கியிருந்தது. தொட்டாள்... கதகதப்பு. தலையணையில் தைல வாசனை குப்பென்று ஏறியது. படிக்கட்டுப் பக்கம்... ஸ்ர்ர்ர்... டக். ஸ்ர்ர்ர்... டக். இறங்கிக்கொண்டே போயிற்று.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றாளோ... வார்டு ஆயா மேலே ஏறி வந்து சத்தம் போட்ட பிறகுதான் சுயநினைவே வந்தது.

“ஏன் சிஸ்டர், அந்தப் பெரியவர இப்படியா தனியா அனுப்புவீங்க? பாவம், கால இழுத்துக்கிட்டுப் போறாரு. நாந்தான் வண்டி புடிச்சு ஏத்தி விட்டேன்.”

“எங்க... எங்க போறேன்னு சொன்னாரு?”

“மக வீட்டுக்காம். என்னா சந்தோஷம் அந்த மனுஷனுக்கு!”

டார்ச் கீழே விழுந்தது. “வார்டப் பாத்துக்கடி!” என்று கூட இருந்த நர்ஸிடம் கத்திவிட்டு ஓடத் தொடங்கியவள்தான்...

போனால் போகட்டுமே, பீடை விட்டது என்று இருக்க வேண்டியதுதானே என்கிறீர்களா? அவளால் இருக்க முடியவில்லை.

வீட்டு வாசல். கதவு திறந்து கிடந்தது. படியிலேயே தைல வாசனை. மகள் உதட்டில் விரல் வைத்தபடி வெளியே வந்தாள்.

“மெதுவாம்மா. இப்பத்தான் கண்ண மூடினாரு.”

“கதவ எதுக்குடி தொறந்த?” சித்தி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“நீதான் அனுப்புனேன்னாரு. வீட்டு நம்பர், தெருப் பேரு, மாடிப்படிக்குப் பக்கத்து வீடுங்கறது... எல்லாம் கரெக்டா சொன்னாரும்மா.”

சொல்லாமல் என்ன செய்வார்? பேராசிரியை கேட்ட இடத்தில், ‘நாதியற்றவர்’ என்பதை அழித்துவிட்டு, ‘மகள்’ என்று எழுதியிருந்தாள் சித்தி. எழுதினால் முகவரி வேண்டுமே. தூக்கக் கலக்கத்தில் வேறு எதுவும் கைக்கு வரவில்லை... தன் வீட்டு முகவரியையே எழுதிவிட்டாள்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “இனிமே நீ டியூட்டிக்கே போகக் கூடாதாம்மா... ராத்திரி பகல் அவர விட்டு நகரவே கூடாதுன்னு, நீயே உன் கையால எழுதியிருக்கியாமே?”