குடித்தனத்தோடு வாங்கிய வீடு

ராத்திரி பதினொன்றே கால் இருக்கும். சாலையில் ஈ காக்கை இல்லை. மூலையில் ஒரே ஒரு தெருவிளக்கு. அந்த இருட்டில் ஒரு மனிதர் கையில் டெஸ்டரோடு, தான் வாங்கிய வீட்டுக்குள்ளேயே திருடன் மாதிரி நுழைகிறார்... கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். யாராவது அந்தக் கதவைச் சாத்துங்கள். நம் சோடாபுட்டி இருக்கிறானே, அவனுடைய அக்கா புருஷன்தான் அந்த ஆள். வயரிங் வேலை செய்கிறவர்.

வாடகையிலேயே பணக்காரன் ஆகலாம் என்று எவனோ அவர் காதில் ஓதிவிட்டான். ஒரு வீட்டை வாங்கு, வாடகை தவணையை அடைக்கும், அடுத்த வீட்டை வாங்கு... கேட்க இனிக்கத்தான் செய்யும். மனைவியின் நகை மொத்தமும் அடகுக்குப் போயிற்று. குடியிருக்கும் வீட்டையும் ஈடு வைத்தார். இரண்டு மாதம் வாடகை நின்றால் நடுத்தெருதான்.

தரகர் காட்டியது, மாடியில் ஏற்கனவே ஆள் இருந்த வீடு. முதல் மாதமே வாடகை வரும், ஆள் தேட வேண்டாம் என்றார். குடித்தனத்தைத் தொந்தரவு செய்வானேன் என்று இவரும் கீழே மட்டும் பார்த்துவிட்டு, மாடி ஏறாமலே கையெழுத்துப் போட்டார். ஊரார் வீட்டில் சுவரைத் தட்டித் தட்டிப் பார்க்கிறவர், தன் வீட்டில் கோட்டை விட்டார்.

வாடகை தவறவில்லை. ஒன்றாம் தேதியானால் முதல் படியில் கவர் இருக்கும். ஆனால் மாடி மீட்டர்... மூன்று மாதமாக ஒரு எண்கூட நகரவில்லை. ராத்திரி அந்தப் பக்கம் போனால் ஜன்னலில் வெளிச்சம். வெங்காயம் வதங்கும் வாசனை. திருட்டுக் கரண்ட்தான், வேறென்ன? அபராதம் வந்தால் அவர் தலையில்தானே விடியும். வயரிங்காரன் கண்ணிலேயே மண்ணா என்று பற்றிக்கொண்டு வந்தது அவருக்கு.

கையும் களவுமாகப் பிடிக்கத்தான் அன்று போனார். மாடி ஃப்யூஸைப் பிடுங்கினார்... விளக்கு எரிந்தது. மெயினை இறக்கினார். கீழே எல்லாம் இருட்டு. மேலே எரிந்தது. வயரைத் தடவிக்கொண்டே படி ஏறினார். திருட்டு ஒட்டு இல்லை, கொக்கி இல்லை. கதவுக்குப் பக்கத்தில் வந்ததும் மேற்கொண்டு வயரே இல்லை... சுவரோடு வெட்டி விட்டிருந்தது. வெட்டிய முனைமேல் பழைய பெயிண்ட் காய்ந்து கிடந்தது.

உள்ளே சரக்... சரக்... என்று பாத்திரம் தேய்க்கும் சத்தம். நின்றது.

"ஓனரா?" பெண்குரல். கதவுக்கு அந்தப் பக்கம், ரொம்பப் பக்கத்தில். "காலி பண்ணச் சொல்ல வந்தீங்களா?"

நீங்களோ நானோ என்றால் உருண்டு புரண்டு ஓடியிருப்போம். அவருக்கோ 'காலி' என்றதும் அடகு நகைதான் கண்முன் வந்ததாம்.

"இல்லம்மா... நீங்க இருங்க."

"ஆளு ஜாஸ்தியாயிட்டோம். இங்க இடம் பத்தல. உங்ககிட்ட வேற இடம் இருந்தா..."

"பாக்கலாம். வாடகை மட்டும் தவறாம வரணும்."

வீட்டுக்காரர்கள் எல்லோரும் சொல்கிற பதில்தான். சொல்லிவிட்டு இறங்கினார். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அடுத்த ஒன்றாம் தேதி காலை. மனைவி அவர் முன்னால் ஒரு கவரைப் போட்டாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம பின்ரூம வாடகைக்கு விட்டிருக்கீங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ராத்திரி பூரா சாமான் எறக்குற சத்தம், புள்ள தூங்கவே இல்ல. எத்தனை பேருன்னு அந்தம்மாவக் கேட்டேன்... இன்னும் வந்துக்கிட்டிருக்காங்களாம்."