கோல் போட்ட இசக்கிமுத்து

கிங்ஸ் சர்க்கிளில் தாராவி பஸ்ஸுக்கான வரிசையில் எனக்கு முன்னால் பதினொரு பேர். இரண்டு முறை எண்ணிவிட்டேன். நாற்பது நிமிடமாகப் பஸ் இல்லை. பத்தாவதாக நின்ற பெண்மணி, பின்னால் நின்ற தோழியிடம் திரும்பிச் சொன்னார்:

“ஏளா, உலகப் போட்டியில எங்க வீட்டுக்காரவ கோல் போட்டிருக்காவ.”

“அரே! அண்ணாச்சிக்கு மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குமே?”

“சக்கர ஷூ மாட்டி ஆடுத ஹாக்கி தெரியும்லா? ஆடுனது எம் மவ மகேசு. ஸ்கூல் ஃபாரத்துல சர்நேம் கேட்டான். நமக்கு ஏது சர்நேம்? அவ அப்பா பேரை எழுதுனேன். அதுவே பாஸ்போர்ட்லயும் ஏறிட்டு. அந்த ஜூனியர் உலகப் போட்டி ஆரம்பிச்ச நாள்லேருந்து கோல் போட்டவங்க சர்நேம் மட்டும் நெட்ல வரிசையா இருக்கு. ஸ்பெயின்காரி, போர்ச்சுகல்காரிக்கு நடுவுல ‘இசக்கிமுத்து’, பாரு!”

நீட்டிய கைப்பேசியை நானும் எட்டிப் பார்த்தேன். பெயருக்கு நேரே ‘ஒன்று’ என்றிருந்தது.

“பொட்டப்புள்ளைக்குச் சக்கரம் எதுக்குன்னு ஷூவைப் பரண்ல தூக்கிப் போட்டாவளே, அந்த அண்ணாச்சியா?”

“அதே மனுசன்தான். இப்பப் பட்டறைக்கு வாறவன் போறவன்கிட்டல்லாம் காட்டுதாவ. அடுத்த போட்டிக்குப் போக அப்பா கையெழுத்து வேணும். மகேசு பயந்துக்கிட்டேதான் ஃபாரத்தை நீட்டுனா.”

“போட்டாவளா?”

“ஒரு இடத்துல கேட்டா நாலு இடத்துல போட்டிருக்காவ! போட்டுட்டு, ‘மக்கா, அடுத்த தடவை நாம ரெண்டு கோலாவது போடணும்’ங்காவ.”