மை படாத கட்டை

— கண்ணைத் துடைச்சுக்கிட்டே இருந்தே, நானும் முன் வரிசையில உக்காந்து பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். இரங்கல் கூட்டம் முடியற வரைக்கும் கைக்குட்டை மடிப்புக் கலையல.

— அப்படிச் சொல்லாதீங்கம்மா. உண்மையச் சொல்லணும்னா, சார் எனக்கு அப்பா மாதிரி.

— மேடையில ஏறின அத்தனை பேரும் அதையேதான் சொன்னீங்க. இந்த மனுஷன் எனக்குத் தெரியாம இத்தனை பிள்ளை பெத்து வச்சிருந்தார்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

— ஊரே அழுதுச்சும்மா. அவர்கிட்ட படம் போடக் கத்துக்காதவன் யாரு?

— அழறதுக்கு என்ன செலவு? ஆஸ்பத்திரியில கிடந்தப்ப ஒருத்தன் வந்து ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடுக்கல. இன்னிக்குப் பூவளையம் வைக்க இடம் இல்ல. உன்னோடதுதான் இருக்கறதுலயே பெருசு. அதுலயும் ‘கல்லூரி முதல்வர்’ங்கறது செத்தவர் பேரை விடப் பெரிய எழுத்துல.

— அது கடைக்காரன் பண்ணின தப்பு.

— ஆமா ஆமா, உன் விஷயத்துல தப்பெல்லாம் எப்பவும் கடைக்காரன்தான் பண்றான். வந்த காரியத்தைச் சொல்லு, கோந்து.

— அந்தப் பேரை இன்னும் மறக்கலியா நீங்க?

— எப்படி மறக்கும்? காலையில வந்து சார் பக்கத்துல ஒட்டினா, ராத்திரி என் சமையலறையில சாப்பிட்டுட்டுத்தான் பிரிவே. உன் வகுப்புப் பசங்க பார்த்துத்தான் பேர் வச்சாங்க.

— அந்த உரிமையிலதான்மா வந்திருக்கேன். கல்லூரியில சார் பேர்ல ஒரு ஹால் திறக்கறோம். வாசல்ல ஒரு படம் மாட்டணும். நான் மாணவனா இருந்தப்ப என் முகத்தை, தாள்ல அச்சடிக்கறதுக்குன்னு ஒரு மரக்கட்டையில செதுக்கினாரே, அது சார் வேலை பார்த்த இந்த ரூம்லதான் இருக்கணும்.

— அவர் ஹால், அவர் வாசல், உன் மூஞ்சி.

— செதுக்கினது சார் கையில்லியா? நான்தான் அவருக்குச் செல்லப்பிள்ளைன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா கல்லூரியில சாரோட அச்சடிக்கற ரூமை மூடிட்டுக் கம்ப்யூட்டர் வச்சதுலேருந்து நாலு பேர் நாலு விதமா பேசறாங்க. நான் அவரை முதுகுல குத்திட்டேனாம். இந்தப் படத்தைப் பார்த்தா வாயை மூடிருவாங்க.

— அப்போ உனக்குப் படம் வேண்டாம், சர்டிபிகேட் வேணும்.

— நீங்களே சொல்லுங்கம்மா. சாருக்கு என் மேல கோவம் இருந்துச்சா?

— கோவமா? அந்தக் கைக்கு வராத வேலை அது ஒண்ணுதான். நீ கையெழுத்துப் போட்டு அவரோட அச்சு இயந்திரத்தைப் பழைய இரும்புக்குத் தூக்கிக் குடுத்தியே, அன்னிக்கு வீட்டுக்கு வந்து என்ன சொன்னார் தெரியுமா? “பாவம், மேலேருந்து நெருக்கடி, அவன்தான் என்ன பண்ணுவான்.” டீ கேட்டார். குடிச்சுட்டு, “ஒரு சின்ன வேலை பாக்கி”ன்னு இந்த ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டார். கொஞ்ச நேரத்துல உளியைத் துடைச்சுக்கிட்டே சிரிச்ச முகமா வெளியில வர்றார். நான் தலையில அடிச்சுக்கிட்டேன். முதுகெலும்புன்னு ஒண்ணு இருந்திருந்தா உன் ரூம் கண்ணாடியையாவது உடைச்சுட்டு வந்திருப்பார்.

— பெரிய மனசும்மா அவருக்கு.

— வெளியில இருக்கறவங்க பெரிய மனசும்பீங்க. கூடக் குடும்பம் நடத்தினவளுக்கு வாயில்லாப் பூச்சி. சரி, அந்தக் கீழ்த் தட்டுல துணி சுத்தி வச்சிருக்கு, எடுத்துக்கோ. உன் மூஞ்சியைக் கட்டிக் காக்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்து?

— இதேதான். அம்மா, பாருங்களேன், மையே படல. வெறும் மர நிறமா அப்படியே இருக்கு. எனக்காகவே பத்திரமா எடுத்து வச்சிருக்கார்.

— நல்ல தாள் கிடைச்சதும் அடிக்கணும்னு சொல்லிக்கிட்டிருந்தார். அப்புறம் ஒரு கட்டத்துல அந்தப் பேச்சையே விட்டுட்டார்.

— ஒவ்வொரு கட்டையிலயும் கடைசிப் பிரதி அடிச்சதும் குறுக்க ஒரு கோடு கீறிடுவாரே, ஞாபகம் இருக்கா?

— இருக்காம என்ன? “இத்தோட முடிஞ்சுது, இனிமே யாரும் இதை அடிக்கக் கூடாது”ன்னு என்னையும் கூப்பிட்டு நிக்க வச்சுல்ல கீறுவார். அடுப்புல பால் பொங்கினாலும் நான் நிக்கணும்.

— இது இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. நல்ல ஆளா பார்த்து அடிக்கக் குடுக்கறேன்.

— ஆளு எதுக்கு? இங்கயே ஒண்ணு அடிச்சுப் பாரு. மை இருக்கு, உருளை இருக்கு, அவரோட தாளும் இருக்கு. மரக்கரண்டியால பின்பக்கம் தேய்ச்சு எடுக்கறதுதானே. செல்லப்பிள்ளைக்கு அதுகூடவா மறந்து போச்சு?

— மறக்குமாம்மா? ஜன்னலைத் திறந்தா தேவலை, இருட்டா இருக்கு.

— அது துருப்பிடிச்சு ரொம்ப நாளாச்சு. அப்படி அள்ளிப் பூசாதே, ரொட்டிக்கு ஜாமா தடவறே? மைக்கு முன்னாடி கட்டையை உள்ளங்கையால தடவிப் பார்க்கச் சொல்லுவாரே, அதைச் செய்யலியே நீ.

— கார் நிக்குதும்மா. தூசியை ஊதிட்டேன், போதும்.

— சட்டைக் கை மையில படுது. பட்டுட்டுப் போகட்டும், வேலை செஞ்சவன் மாதிரியாவது இருப்பே.

— ஆச்சு. எடுக்கறேன். என் முடியைப் பாருங்கம்மா, அப்போ எவ்வளவு அடர்த்தி. மூக்கு, கண்ணு... இது என்ன?

— எது?

— நெத்தியிலேருந்து தாடை வரைக்கும், வெள்ளையா ஒரு கோடு.

— இப்படி வாசல் பக்கம் கொண்டா, பார்ப்போம்.

— நீங்க கீறினீங்களா? என் மேல இருக்கற வெறுப்புல...

— எனக்கு உளியை எந்தப் பக்கம் பிடிக்கறதுன்னே தெரியாது. நான் கீறியிருந்தா உன் மூக்குதான் முதல்ல போயிருக்கும். இது அவர் கை. கொஞ்சம்கூட நடுங்கல பாரு.

— ஒரு பிரதிகூட அடிக்கலியேம்மா. முடிஞ்ச கட்டைக்குத்தானே கோடு போடுவார்?

— ஆமா. முடிஞ்சுதுன்னாதான் போடுவார்.

— எப்போ பண்ணியிருப்பார்?

— டீ குடிச்சுட்டுப் போனாரே. சின்ன வேலை பாக்கின்னு.

— இதைக் கிழிச்சிரலாம்மா. யாருக்கும் தெரிய வேண்டாம்.

— கையை எடு. கட்டையை நீ எங்க வேணும்னாலும் கொண்டு போ, இந்தத் தாள் என்னோடது. சூடு சொரணை இல்லாத மனுஷனைக் கட்டிக்கிட்டோம்னு இத்தனை வருஷம் பக்கத்துல படுத்து எரிஞ்சிருக்கேன். இதை என் கட்டிலுக்கு எதிர்ல மாட்டி, அவரைத் தினம் பார்த்துக்கப் போறேன்.