எபிசுவிடம் கேட்டது

எனக்கு மீன் பிடிக்காது. மீனவர் சங்கத் தலைவர் சொல்லக்கூடிய பேச்சா இது என்று நீங்கள் சிரிக்கலாம். முன்பெல்லாம் பிடிக்கும். நான் தின்ற அளவுக்கு மீனை இந்தத் துறைமுகத்துப் பூனைகள்கூடத் தின்றிருக்காது. இப்போது சில குளிர்காலங்களாகச் சோறும் முள்ளங்கி ஊறுகாயும்தான். மனைவி தொல்லை தாங்காமல் டாக்டரிடம் போனேன். அவர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்.

நீங்கள் மாகாண அலுவலகத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். மீன்பிடி வாரியத்தில் எங்கள் ஒமோசே விரிகுடாவுக்கு இருப்பது ஒரே இடம். அதற்குச் சங்கம் மறுபடியும் என் பெயரைத்தான் அனுப்பியிருக்கிறது. ஆளை நேரில் பார்த்து, 'இந்தப் பதவியில் நீங்கள் உட்காரக் கூடாது என்பதற்குக் காரணம் ஏதாவது உண்டா?' என்று கேட்பது உங்கள் கடமை. கேட்டுவிட்டீர்கள். போன முறை வந்தவர் கேட்கவில்லை. வறுத்த சிப்பி சாப்பிட்டுவிட்டு ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டார். கேட்டிருந்தால் அவரிடமே சொல்லியிருப்பேன். கேட்டதற்குப் பதில் சொல்கிற ஆள் நான். கேட்காததை வலியப் போய்ச் சொல்லும் பழக்கம் மட்டும் கிடையாது.

முன்பு இந்த இடத்துக்கு மீனவர்களே ஓட்டுப் போட்டோம். பிறகு சட்டம் மாறியது. சங்கம் ஒரு பெயரைச் சொல்லும், ஆளுநர் நியமிப்பார். ஓட்டுக் காலத்திலும் நான்தான், நியமனக் காலத்திலும் நான்தான். எனக்கு முன்னால் என் அப்பா. எந்த வலையை எங்கே கட்டலாம், எந்தப் பாறையில் எப்போது சிப்பி எடுக்கலாம் என்று வாரியம் சொல்லும், கடற்கரை கேட்கும். மற்றபடி ஒரு நாற்காலி, ஆறிப்போன மதியச் சாப்பாடு, அவ்வளவுதான். நான் அதற்கு ஆசைப்பட்டவன் இல்லை. பொறுப்பு என்று ஒன்று இருந்தால் யாராவது சுமக்கத்தானே வேண்டும்.

இசோமுரா கோஹெயை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். என்னைவிட வயதில் நன்றாகச் சின்னவன். நல்ல தொழில்காரன், வாய்க்கொழுப்பும் அதே அளவுக்கு இருந்தது. விரிகுடா முனைக்கு வெளியே இருக்கும் சிப்பிப் பாறையை மூன்று வருஷம் மூட வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். சிப்பி உள்ளங்கை அளவுகூட வளர விடாமல் பறிக்கிறோம், இப்படியே போனால் பிள்ளைகளுக்கு ஓடுதான் மிஞ்சும் என்பான். நான் எதிர்த்தேன். வருஷக் கடைசியில் அந்தப் பாறை திறந்தால்தான் இங்கே கிழவன் கிழவிகளுக்குப் புத்தாண்டு. பேரப்பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுப்பது அந்தச் சிப்பியில்தான். கோஹெய் வாரியத்தில் உட்கார்ந்தால் பாறை மூடப்படும். எனக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

சங்கக் கட்டிடத்து மாடியில் இயக்குநர்கள் கூடினோம், கோஹெயும் அதில் ஒருவன். அடுப்பின் மேல் யாரோ காய்ந்த கணவாயை வாட்டிக்கொண்டிருந்தார்கள். மூத்த இயக்குநர் குனிமாட்சு வெகுநேரம் தொண்டையைச் செருமிவிட்டு என் பக்கம் பார்க்காமலே ஆரம்பித்தார்.

"தொகாஷி, தப்பா நினைக்காத. இந்தத் தடவ கோஹெய அனுப்பலாமுன்னு பசங்க சொல்றானுங்க."

"எந்தப் பசங்க?"

"எல்லாப் பசங்களுந்தான். என்னையும் அதுல ஒரு பையனா வெச்சுக்கயேன்."

கோஹெய் எழுந்து வந்து, மரியாதையாக முழங்காலிட்டு, என் கிண்ணத்தில் சாகே மது ஊற்றினான். ஊற்றிக்கொண்டே சொன்னான்.

"அண்ணே, நீங்க உக்காந்து உக்காந்து அந்த நாற்காலிக்கே மூலம் வந்துருச்சுண்ணே. பாவம், அதுக்குக் கொஞ்ச நாளு லீவு குடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். குனிமாட்சு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் ஊரில் கை தூக்கி எண்ணுவதில்லை. தலைவர் 'ஆட்சேபணை உண்டா?' என்று கேட்பார், எல்லாரும் ஒரே குரலில் 'இல்லை' என்பார்கள், முடிந்தது. மனதில் வேறு ஏதாவது இருந்தால் அதை அவரவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். தலைவர் நான் என்பதால் கோஹெயின் பெயருக்கு அப்படிக் கேட்டவனும் நான்தான். அந்த 'இல்லை'யில் என் குரலும் இருந்தது. மனதில் இருந்ததை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

அது நடந்து சில நாள் கழித்து, பேய்க்கணவாய் பிடிக்கப் போட்டிருந்த கூடுகளைத் தூக்கக் காலையில் தனியாகப் போனேன். கடலைவிடக் காற்று குளிர்ந்து கிடந்த நாள். தண்ணீரிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. முனைக்கு அப்பால் ஒரு படகு ஆளில்லாமல் வட்டம் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கோஹெயின் படகு. கொஞ்சம் தள்ளி அவன் ஒரு மிதவையைக் கட்டிக்கொண்டு கிடந்தான்.

என்னைக் கண்டதும் சிரித்தான். பல் அடித்துக்கொள்வது படகில் இருந்த எனக்கே கேட்டது.

"அண்ணே, ஊருல சொல்லிராதீங்க. கயிறு கால்ல சுத்திருச்சு. மானமே போயிரும்."

"உயிரு இருந்தாத்தானடா மானம்," என்றேன்.

கொக்கிக் கழியை நீட்டினேன். நீட்டினேன் என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவன் ஒரு கையால் பிடித்தான். அந்த நேரத்தில் எனக்குப் பாறை நினைவுக்கு வந்தது, கிழவிகள் நினைவுக்கு வந்தார்கள். கழியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். பிடுங்கவில்லை. அவன் விரல்களில் பலம் போயிருந்தது, தானாகவே வந்துவிட்டது. பிறகு என்ஜினை நிறுத்தினேன்.

நீங்கள் நகரத்துக்காரர், ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடலில் நாங்கள் பிணம் என்ற சொல்லை வாயில் எடுப்பதில்லை. மிதந்து வருபவரை எபிசு என்போம். தூண்டிலும் மீனுமாகச் சிரித்துக்கொண்டிருக்கும் சாமியின் பெயர்தான் அது. எபிசுவைக் கண்டால் விட்டுவிட்டுப் போகக் கூடாது, சும்மா தூக்கவும் கூடாது. படகில் ஒருவர் கேட்க வேண்டும்: 'தூக்குறோம், தருவியா?' இன்னொருவர் எபிசுவுக்குப் பதிலாகச் சொல்ல வேண்டும்: 'தர்றேன்.' அதன் பிறகுதான் இடப்பக்கமாக ஏற்றுவோம். அப்படி மீன் தருவதாக வாக்குக் கொடுத்த எபிசு ஏமாற்றியதாக இந்தக் கடற்கரையில் பேச்சே இல்லை.

நானும் வழக்கப்படி கேட்டேன். எங்கள் ஊரில் உயிரோடு இருக்கிறவனிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. அவனுக்குப் புரிந்தது. சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

"அண்ணே," என்றான், "நான் இன்னும் சாகலண்ணே."

அதற்கு மேலும் அவன் பேசினான். அதற்கு வருகிறேன். போலீசிடமும் ஊரிலும் நான் சொன்னது, போய்ப் பார்த்தபோதே எல்லாம் முடிந்திருந்தது என்றுதான். ஒருவரும் சந்தேகப்படவில்லை. குளிர்காலத் தண்ணீரில் விழுந்தவன் பிழைப்பதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

அவனைக் கித்தான் துணியால் போர்த்தித் துறைக்குக் கொண்டு வந்தேன். அவன் படகையும் கட்டி இழுத்து வந்தேன். குனிமாட்சு என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நீ மனுசன்டா தொகாஷி. பேசுனதெல்லாம் மனசுல வெச்சுக்காம தனியாளா தூக்கியாந்திருக்க."

கோஹெயின் மனைவி மினெகோ துறைமுகத்துச் சிமெண்டில் நெற்றி படக் குனிந்து எனக்கு நன்றி சொன்னாள். நான் எழுந்திரு என்றேன். எழுந்திருக்கவில்லை. அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று எனக்கு இருந்தது வெட்கம்தான். பயம் பிறகு வந்தது.

நாற்காலி மறுபடி என்னிடம் வந்தது. வேறு யாருடைய பெயரும் அந்த மாடியில் எழவில்லை. ஆட்சேபணை உண்டா என்று கேட்டேன், இல்லை என்றார்கள்.

அந்த மாதமே மீன் வந்தது. நிலைவலையில் கானாங்கெளுத்தி அடைத்துக்கொண்டு நின்றது. வலை தூக்கும் பொறி முனகியது. அதற்குப் பின்னால் சாளை, அதற்குப் பின்னால் கணவாய். பக்கத்து விரிகுடாக்களில் காய்ந்து கிடந்தது, எங்களுக்கு மட்டும் பெட்டி போதவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை நிற்கவில்லை. "எபிசு தன்னத் தூக்குனவன மறக்கலடா" என்று படகுக்குப் படகு கத்திச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஊரில் புதுக் கூரைகள் வந்திருக்கின்றன. நீங்கள் வரும்போது பார்த்திருப்பீர்கள்.

ஒவ்வொரு முறை வலை மேலே வரும்போதும் என் இடது தோளுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்கிறது. கோபமான குரல் இல்லை. சாகே ஊற்றும்போது நிறைந்துவிட்டதா என்று கேட்போமே, அந்த மாதிரிப் பணிவாகக் கேட்கிறது.

"போதுமாண்ணே?"

போதும் என்று சொல்லிப் பார்த்தேன். மறுநாள் இன்னும் அதிகம் வந்தது. ஒன்றும் சொல்லாமல் இருந்து பார்த்தேன், அப்போதும் குறையவில்லை. உங்கள் கூட்ட அறையில் நான் உட்காரும் நாற்காலி எப்போதும் ஈரமாக இருக்கிறது. உங்கள் ஆட்கள் மாற்றித் தந்தார்கள். கை வைத்துப் பார்த்துவிட்டு, "காஞ்சுதானே இருக்கு, ஐயா" என்றார்கள். நான் ஒரு துண்டு கொண்டு வருகிறேன், அதை மடித்துப் போட்டு உட்காருகிறேன். வீட்டுக்கு வந்து பிழிந்தால் உப்புத் தண்ணீர். எனக்குப் பயமாக இருக்கிறது. அதைச் சொல்வதில் கூச்சம் ஒன்றுமில்லை.

பாறையைப் பற்றிக் கேட்கத் தோன்றும். முதல் கூட்டத்திலேயே அதை மூன்று வருஷம் மூட முன்மொழிந்தது நான்தான். தொலைநோக்குள்ள மனிதர் என்று உங்கள் மேலதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். அந்தப் புத்தாண்டுக்குக் கிழவிகள் பேரப்பிள்ளைகளிடம் கையை விரித்தார்கள். கொஞ்சம் அழுதார்கள், என்னைத் திட்டினார்கள், யாரும் செத்துப்போகவில்லை. போன வருஷம் திறந்தபோது சிப்பி என் இரண்டு கையும் கொள்ளாத அளவுக்கு இருந்தது. கோஹெய் சொன்னது சரிதான். அவன் சொல்வதற்கு முன்பே அது எனக்குத் தெரியும். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? தெரிந்ததை யார் சொல்வது என்று ஒரு முறை இருக்கிறதல்லவா.

மினெகோ ஒவ்வொரு நினைவு நாளுக்கும் சிவப்பு அவரைச் சோறு செய்து எடுத்து வருகிறாள். வாசலில் நின்றபடி ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாருங்களா? முனகலாக்கூடப் பரவாயில்லீங்க."

"இல்லம்மா. நான் போறப்பவே அடங்கியிருந்தான்."

"வலிச்சிருக்காதில்ல?"

"வலிச்சிருக்காது."

குனிந்து வணங்கிவிட்டுப் போவாள். அவள் போன பிறகு அந்தச் சோற்றை என்ன செய்வதென்று எனக்குத் தெரிவதில்லை. வீட்டில் யாரும் அதைத் தொடுவதில்லை.

ஆகவே அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், அது உங்கள் வேலை. நான் கேட்டதற்குக் கோஹெய் பதில் சொன்னான். தருகிறேன் என்றான். "தர்றேண்ணே, இந்தா தந்துட்டேன், தூக்குங்க." நான் அசையாததைப் பார்த்து மறுபடியும் சொன்னான். இந்த முறை மினெகோ மேல் ஆணை வைத்துச் சொன்னான். பொய் சொல்கிறான் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் உயிருள்ளவன் வாக்கு கரையில் கால் வைத்ததும் மாறும், அவனே நினைத்தாலும் காப்பாற்ற முடியாது. ஊர் மறுபடி கூடி அவனைத்தான் போகச் சொல்லும். எபிசுவின் வாக்கு மாறாது. அதனால் காத்திருந்தேன். குடுவையில் தேநீர் இருந்தது, ஊற்றிக் குடித்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பார்க்கவில்லை. அதன் பின் முறைப்படி இன்னொரு தடவை கேட்டேன். படகில் வேறு ஆள் இல்லாததால் அவனுக்காக நானே 'தர்றேன்' என்றேன். பிறகுதான் இடப்பக்கமாக ஏற்றினேன்.

இதெல்லாம் நீங்கள் கேட்ட காரணத்தில் சேருமா சேராதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். என்னைப் பொறுத்தவரை ஊருக்காகச் செய்தது. ஊர் நன்றாகத்தான் இருக்கிறது.

எழுதி முடித்துவிட்டீர்களா? ஒரே ஒரு திருத்தம். வழக்கப்படி கேட்டேன் என்று சொன்னேன். வழக்கப்படி என்றால் மீன் தருவாயா என்று கேட்டிருக்க வேண்டும். மீன் அவனாகவே தருகிறான். நான் கேட்டது நாற்காலியை.