மேல்சபை கலையும் நேரம்

பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஓர் அம்மா மடியில் துணிப்பையுடன் தனியே இருந்தார். நெல்லியடியில் ஏறிய ஒரு பெண் அவரை அடையாளங்கண்டு பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

“என்னக்கா, முகம் வாடிப்போய்க் கிடக்கு?”

“நேற்று மேல்சபை கலையப் பிந்திப்போச்சு. அதாலை நான் சாப்பிடேல்லை.”

“எந்த மேல்சபை?”

“லண்டன் பாராளுமன்றத்திலை. என்ரை மகனுக்கு அங்கைதானே வேலை. எந்தச் சட்டத்தை முதல் எடுக்கிறது, ஆர் எப்ப கதைக்கிறது எண்டு ஒவ்வொரு நாளும் அவன்தான் ஒழுங்குபடுத்திறவன். சபை நடக்கிறதைப் போனிலை காட்டுவினம். சபைத் தலைவற்றை கதிரைக்குப் பின்னாலை பேப்பரோடை வந்து போவான். அவனைக் கண்டிட்டுத்தான் சாப்பிடுவன். நேற்று கடைசிவரைக்கும் காணேல்லை.”

“ஏன், தம்பி உங்களோடை கதைக்கிறேல்லையோ?”

“முந்தி ஞாயிற்றுக்கிழமையளிலை போன் எடுப்பான். இப்ப சபையிலை வேலை கூடவாம்.”

“உந்தப் பையோடை எங்கை போறியள்?”

“ஆசுபத்திரிக்கு. நாளைக்கு நெஞ்சிலை ஒப்பரேசன்.”

அந்தப் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தம்பிக்குச் சொல்லேல்லையோ?”

“இல்லை.”

“சொன்னால் உடனை வெளிக்கிட்டு வந்திடுவார், அக்கா.”

அம்மா மடியிலிருந்த பையை இழுத்து அணைத்துக்கொண்டார்.

“சொல்லியும் வராமல் விட்டால்? இப்பவெண்டால், தெரியாதபடியாலைதான் அவன் வரேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு நான் இருக்கலாம்.”