நாற்பத்தைந்தாவது தாள்

ஹலோ... ஹலோ... ஆ, கேக்குது, கேக்குது. சொல்லுங்கண்ணே... இல்ல, இல்ல, தூங்கல. நேத்து அவங்க எழுதிக் குடுத்த தாளையெல்லாம் மேசையில பரப்பி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்... ஆமா, ஆமா, எண்ணிட்டேன். அங்கதான் இடிக்குது. நாப்பத்தஞ்சு வருது.

என் மனைவி ஐலீன் இறந்து ஏழு மாதம் ஆகிறது. இது மூன்று வருடத்துக்கு முன், மலேசியாவின் கூலாய் ஊரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் பேசியது. மறுமுனையில் கனகராஜ், எங்கள் கத்தோலிக்கக் கோவிலின் குடும்பநலக் குழுத் தலைவர். கல்யாணம் நிச்சயமானவர்களுக்கு ஆண்டுதோறும் திருமண ஆயத்த வகுப்பு நடக்கும். முதல் சனிக்கிழமை ஒரு பழைய கறுப்பு வெள்ளைக் காதல் நகைச்சுவைப் படத்தைப் போட்டு, ஆளுக்கொரு தாள் கொடுத்துக் கருத்து எழுதச் சொல்வார்கள். பெயர் எழுதத் தேவையில்லை. படத்தில் ஒரு ஆபீஸ் கெராணியின் மனைவி அதே ஆபீசில் தட்டெழுத்து வேலைக்குச் சேர்ந்து, கடைசியில் கணவனுக்கே மேனேஜராகிவிடுவாள். வீடு தலைகீழாகும். பிறகு அவள் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவாள், எல்லாரும் பாடுவார்கள். எங்கள் கோவிலில் இருந்த டிஸ்க் கீறல் விழுந்தது. அவள் பேனாவைத் தாளில் வைக்கும் இடத்தில் நின்றுவிடும். மீதிக் கதையை ஐலீன் எழுந்து வாயால் சொல்வாள்.

பெட்டியை ஏந்தித் தாள்களை வாங்குவது என் வேலை. படித்துத் தொகுப்பது அவள் வேலை. அன்று நான் சமையலறையில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன். கனகராஜ் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. ஐலீன் சொன்னதை எழுதுகிறேன்.

ரெண்டு தடவை எண்ணிட்டேண்ணே... இருபத்திரெண்டு ஜோடி, நாப்பத்தி நாலு பேரு, எனக்குத் தெரியாதா? சாப்பிட நாப்பத்தி நாலு மீ கோரிங் பொட்டலம் கட்டுனதே நான்தானே... அட, ஒருத்தர் ரெண்டு தாள் எழுதியிருப்பாங்கன்னா சொல்றீங்க? ஒரு தாள் எழுதவே பேனாவக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க, ரெண்டாவது எழுதுவாங்களா... சரி, சரி. நான் படிச்சுக்கிட்டே போறேன், நீங்க குறிச்சுக்குங்க. எந்தத் தாள் அதிகம்னு அப்பத் தெரிஞ்சிரும்.

மொத தாள். "பாட்டு நல்லாருக்கு. ஏர்கோன் ரொம்பக் குளிர்." அவ்ளோதான்... ஆமா, அதையும் எழுதிக்குங்க, கருத்துதானே. அடுத்தது. "கதாநாயகி கொஞ்சம் மெலிஞ்சிருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும்." இது ஆம்பளப் பையன் எழுத்து. எந்தப் பையன்னும் தெரியும், முன் வரிசையில ரெண்டு நாற்காலியச் சேத்துப் போட்டு உக்காந்திருந்தானே... சிரிக்காதீங்கண்ணே, நான் சொன்னேன்னு வெளிய சொல்லிறாதீங்க.

இதக் கேளுங்க. "பொண்டாட்டி சம்பளம் புருஷன் சம்பளத்தைவிட அதிகமானா வீட்டுல சமாதானம் இருக்காது." கீழ கோடு வேற போட்டிருக்கு... கால்வின்தான், வேற யாரு. அவன் கட்டிக்கப்போற புள்ள சிங்கப்பூர்ல வேல செய்யுது, அதோட காடியிலதான் இவன் வந்து எறங்குனான். எறங்குறப்ப கதவக் கூட அதுதான் தெறந்து விட்டுச்சு... ஆமாலா, சமாதானமாத்தான் எறங்குனான்.

"ரெண்டு பேரும் வேலைக்குப் போனா பிள்ளையை யார் பாக்கறது?" இப்படி மட்டும் ஒன்பது தாள் இருக்குண்ணே. ஒன்பது! படத்துல பிள்ளையே கெடையாது... அதான் சொல்றேன், படம் பாத்தாங்களா, போன் பாத்தாங்களான்னு தெரியல. அந்த ஒன்பதுல ஒருத்தராச்சும் "நான் பாக்கறேன்"னு எழுதியிருக்கணும்ல? திருப்பித் திருப்பித் தேடிட்டேன். யாரும் எழுதல.

ஆ... "மாமியார் நடிப்பு மிக இயல்பு." மூணு கோடு போட்டிருக்கு, பேப்பரே கிழிஞ்சிருச்சு. இந்தப் பொண்ண ஃபாதர்கிட்ட தனியா பேசச் சொல்லணும்... இல்லண்ணே, வெளையாடல.

இன்னொண்ணு. எல்வின் தாளும் மிஷேல் தாளும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணு. கையெழுத்தும் ஒண்ணுதான். இவன் தாளயும் அவளே எழுதிக் குடுத்திருக்கா... எப்படி கண்டுபிடிச்சேன்னா? ரெண்டுலயும் "என் வருங்காலக் கணவர்"னு இருக்குண்ணே! அவன் படிச்சுக்கூடப் பாக்காம போட்டிருக்கான்... ஒத்துமையா? அலமாக், நீங்க அத ஒத்துமைன்னு ரிப்போர்ட்ல போட்டாலும் போடுவீங்க.

என்னங்க, அடுப்ப கொஞ்சம் சின்னதா வைங்க, பருப்பு பொங்குது... இல்லண்ணே, இவர்கிட்ட சொன்னேன்... ஆமா, இங்கதான் இருக்காரு. நெத்திலி கிள்றாரு... ரிட்டயர் ஆனதுலருந்து அவருதான் கிள்றாரு. தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம், துறைமுகத்துல சரக்கு அடுக்குன மாதிரி அடுக்குறாரு.

சரி, அபிகெயில் எழுதுனது. பேரு போடல, ஆனா அந்தப் பொண்ணுதான், எழுத்து உருண்டையா இருக்கும். "புருஷன் பாத்திரம் கழுவுற காட்சியில் எல்லாரும் ஏன் சிரிச்சாங்க என்று எனக்குப் புரியவில்லை." ... என்ன பதில் எழுதறதா? நீங்கதான் சத்தமா சிரிச்சீங்க, நீங்க எழுதுங்க... கோச்சுக்காதீங்கண்ணே. நானும்தான் சிரிச்சேன். பதினோரு வருஷமா அதே எடத்துல சிரிக்கறேன். இந்தத் தாளப் படிச்சதுக்கு அப்புறம்தான் யோசிச்சேன், படத்துல அவரு கழுவுனது சுத்தமாத்தானே இருந்துச்சு.

எது? ... ஆ, நவம்பரா... மறைமாவட்டக் கூட்டத்துலயா? எத்தன பேரு வருவாங்க? ... எந்நூறா! ... ஆமா, ஆமா, மனப்பாடமா இருக்கு, அது எங்க போகும். படம் நின்னவுடனே எந்திரிச்சு முடிவச் சொல்லுவேன், அப்புறம் என் சாட்சியச் சொல்லுவேன். "நான் வேலையை விட்டேன், ஆண்டவர் என் சமையலறையை ஆசீர்வதித்தார்." அந்த வரி நீங்க எழுதிக் குடுத்ததுண்ணே. நல்லாத்தான் இருக்கு, கை தட்டுறாங்க. ஆனா...

இல்ல, ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. வந்து... ரூபினி இருக்கால்ல, செனாய் ஃபேக்டரியில? ... ஆமா, நான் அங்க இருந்தப்ப என்கிட்ட தரம் பாக்கற கியூசியில வேல கத்துக்கிட்ட பொண்ணு. இப்ப அங்க பெரிய மேனேஜர். புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு வேல சொல்லிக்குடுக்க ஆள் வேணுமாம். என்னக் கூப்பிடறா. ஃபேக்டரி பஸ் நம்ம வீடுங்க இருக்கற தாமான் முச்சந்தியிலயே நிக்கும்... ஆமாண்ணே, அம்பத்திமூணு வயசுலதான். எனக்கென்ன கண்ணு தெரியலையா... நாளைக்குள்ள பதில் சொல்லணும். நாளைக்குச் சொல்லலன்னா வேற ஆள எடுத்துருவாங்க.

இவரா? ... கேட்டேனே. ரெண்டு வாரமாக் கேக்கறேன். "உன் இஷ்டம்"ங்கறாரு. காலையில கேட்டாலும் உன் இஷ்டம், சாயங்காலம் கேட்டாலும் உன் இஷ்டம். பயணத் தேதி கேக்கப் போனா டிக்கெட் கவுண்டர்ல ஆளே இல்லாத மாதிரி இருக்கு... கோவமான்னு தெரியல, சந்தோஷமான்னும் தெரியல. அதனால ரூபினிகிட்ட வேணாம்னு சொல்லிரலாம்னுதான் நெனச்சுக்கிட்டிருக்கேன்... ம்... ம்... ஆமா, நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க. எந்நூறு பேரு காத்துக்கிட்டிருக்காங்கல்ல.

சரி விடுங்க, அத அப்புறம் பேசலாம். இன்னும் ஒரே தாள்தான் மிச்சம். மடிச்சு மடிச்சு தபால் தலை அளவுக்கு ஆக்கிப் போட்டிருக்கு, யாரோ ரொம்ப வெக்கப்பட்ட ஆளு... பொறுங்க, பிரிக்கறேன்... கண்ணாடியப் போட்டுக்கறேன்...

ம்.

...

இதாண்ணே அந்த நாப்பத்தஞ்சாவது.

எப்படித் தெரியும்னா... மேல சே.ம.சூ. போட்டிருக்குண்ணே... ஆமா, சேசு மரி சூசை. கடுதாசி எழுதுனா மேல போடுவோமே, அதான். நேத்து வந்த பிள்ளைங்கள்ல யாரு சே.ம.சூ. போடுவாங்க? அதுங்க காதல் கடுதாசியே போன்லதான் எழுதுதுங்க... ஃபாதரா? ஃபாதர் எதுக்குண்ணே எழுதறாரு... நானா? நான் எழுதுனா எனக்குத் தெரியாதா?

கடைக்குப் போய் ரெண்டு முட்டை வாங்கணும்னாக்கூட, அந்தச் சீட்டு மேல சே.ம.சூ. போட்டுட்டு எழுதற ஆளு ஒருத்தர் இருக்காரு. நேத்து பெட்டியும் அவரு கையிலதான் இருந்துச்சு... ம்... ம்... படிக்கறேன் லா. கொஞ்சம் சத்தமாவே படிக்கறேன். இந்த வீட்டுல சமையலறை வரைக்கும் கேக்கணும்.

அப்போது நான் எழுந்து பின்வாசல் வழியாகத் துணி எடுக்கப் போயிருக்கலாம். கொடியில் துணி இருந்தது. போகவில்லை.

"படத்தின் கடைசியில் கணவன் பேனாவின் மூடியைக் கழற்றி மனைவியிடம் கொடுக்கிறான். அதை யாரும் கவனிப்பதில்லை, எல்லாரும் அவள் முகத்தைப் பார்க்கிறார்கள். ஒரு வார்த்தையும் பேசாமல் பேனாவைக் கொடுத்தவன், அவளாகவே கையெழுத்துப் போட்டாள் என்று பிறகு எல்லாரிடமும் சொல்லிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். இப்போது ஃபேக்டரியில் மறுபடி கூப்பிடுகிறார்கள். அவள் போக வேண்டும். இதை வீட்டில் சொல்ல இரண்டு வாரமாக முயற்சி செய்கிறேன். ‘உன் இஷ்டம்’ என்றுதான் வருகிறது."

...

அவ்ளோதாண்ணே. முடிஞ்சுது.

... இல்ல, அழல. நெத்திலி வாசம்... ஆமா, நீலப் பேனா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பையனுக்கு அப்ப நாலு மாசம், மடியில வெச்சிருந்தேன். கையெழுத்துப் போடணும், பேனா எங்கன்னு தேடுனேன். இவரு சட்டைப் பையிலருந்து எடுத்துக் குடுத்தாரு. மூடியக் கழட்டித்தான் குடுத்தாரு. எவ்ளோ நல்ல மனுஷன், கைப்பிள்ளையோட இருக்கேன்னு கழட்டிக் குடுக்கறாரேன்னு நெனச்சேன். இருபத்தாறு வருஷமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். பாருங்க, இந்த மனுஷனும் அதையேதான் நெனச்சுக்கிட்டு இருந்திருக்காரு, வேற மாதிரி.

அதுக்காக, நெத்திலி கிள்றப்ப பக்கத்துலயே இருக்கற பொண்டாட்டிகிட்ட சொல்ல முடியாததக் கோவில் பெட்டியிலயா போடறது! நாப்பத்தஞ்சு தாளும் நான்தான் படிப்பேன்னு தெரியும்ல? தெரிஞ்சுதான் போட்டிருக்காரு... என்ன? ... கிழிச்சுரவா? எதுக்கு? ... கணக்கு சரியா வரணும்னா நாப்பத்தஞ்சுன்னு போடுங்க. மறைமாவட்டத்துல கேட்டா, கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருஷம் ஆன ஒருத்தரும் ஆயத்த வகுப்புக்கு வந்தாருன்னு சொல்லுங்க. கொஞ்சம் லேட்டா ஆயத்தமானாருன்னு சொல்லுங்க.

இல்லண்ணே, நவம்பருக்கு நான் வரல... ஆமா. சனிக்கெழம பாதி நாள் வேல உண்டு... எந்நூறு பேரு இருந்தா என்னண்ணே, எட்டாயிரம் பேரு இருந்தாலும் அந்த வரி இனிமே என் வாயில வராது. என் சமையலறைய ஆண்டவர் ஆசீர்வதிச்சாரு, இல்லங்கல. அதுல இப்ப வேற ஒருத்தர் நிக்கிறாருல்ல, அந்த ஆசீர்வாதம் அவருக்கும் கெடைக்கட்டும்... வேற ஆளா? இவரயே கூப்பிடுங்க. எழுதியே வெச்சிருக்காரு, மேடையில ஏறிப் படிக்க வேண்டியதுதான்... ஆங், தலைய ஆட்டறாரு. வேணாம்னு ஆட்டறாரு... என்னங்க, எதுவா இருந்தாலும் வாயத் தொறந்து சொல்லுங்க, தலைய ஆட்டுனா அண்ணனுக்குத் தெரியுமா?

... இருங்கண்ணே, இவரு என்னமோ சொல்றாரு.

... என்ன? இன்னொரு தரம் சொல்லுங்க.

... அண்ணே, "போ"ங்கறாரு. ஒரே எழுத்துதான். இருந்தாலும் வந்துருச்சு.

ஆமா, ஆமா... ரூபினிக்கு இப்பவே போன் போடறேன், நாளைக்கு வரைக்கும் எதுக்கு. இவரு மறுபடி மனசுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கறதுக்குள்ள... சரி... சரி... தாளையெல்லாம் ஒறையில போட்டு, சாயந்தரம் இவருகிட்ட குடுத்து விடறேன். நாப்பத்தி நாலுதான் வரும். அந்த ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டும்.

ஆ, அண்ணே, வெச்சுராதீங்க. ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அடுத்த வருஷம் புது டிஸ்க் வாங்கணும்னு குழுவுல பேசுனீங்கல்ல? வாங்காதீங்க... இல்ல, செலவுக்காக இல்ல. அந்தப் பழசே இருக்கட்டும். அவ பேனாவத் தாள்ல வைப்பா பாருங்க, அங்க வந்து நிக்குமே... ஆமா, அங்கதான். அங்க நின்னவுடனே லைட்டப் போட்டுருங்க.

... மீதிக் கதைய யாரு சொல்றதா?

யாரும் சொல்ல வேணாம் லா. நாப்பத்தி நாலு பேரு உக்காந்திருப்பாங்கல்ல, பேனாவக் கடிக்காம அவங்களே பேசிக்கட்டும்... வெக்கறேண்ணே, இங்க ஒருத்தரு தலை எது, உடம்பு எதுன்னு தெரியாம ரெண்டையும் ஒண்ணாக் கலந்து வெச்சிருக்காரு... ஆமா... ஆமா... வெக்கறேன்.