துடைத்தெறிந்த தாளம்

என் பேச்சு நீளும் என்று தெரிந்தே தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தி வைத்திருக்கும் தலைவர் அவர்களே! இசை கேட்டே நரைத்த பெரியோர்களே! பிள்ளைகள் போடும் பாட்டையெல்லாம் பொறுத்துப் பொறுத்துப் பொன்னாகிவிட்ட தாய்மார்களே! தூணுக்குப் பின்னால் பாட்டுப் போடும் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருக்கும் செயலாளர் அவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன் நான். ஆனால் என் காது? காதுக்குப் பட்டம் கொடுத்தால் பத்துப் பட்டம் வாங்கியிருக்கும்! நாலாயிரம் ஜாஸ் ஆல்பம் கேட்ட காது இது. போன வருடம் மூவாயிரம் என்றீர்களே என்கிறார் அங்கே ஒரு தம்பி. இடையில் ஒரு வருடம் நான் சும்மாவா இருந்தேன், தம்பி?

இந்த ஆண்டு கேட்க வேண்டிய ஜாஸ் ஆல்பங்கள் என்று நம் சங்கம் பட்டியல் போட்டிருக்கிறது. ‘ஈரக் கூரை’ இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். அந்த ட்ரம்பெட்காரர் ஒரு மூச்சு இழுத்தால், அது முடிவதற்குள் நான் காபி குடித்து டம்ளரையும் கழுவிவிடுவேன். ‘பதினோராம் மாடி’ இருக்கிறது. லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் பியானோவைப் படியேற்றிப் பதிவு செய்தார்கள். அந்தக் களைப்பு கடைசிப் பாட்டு வரை அழகாகக் கேட்கிறது. ஆனால் ‘சாம்பல் மழை’ எங்கே? என் அக்கா மகள் டிரம் வாசித்த ஆல்பம் எங்கே? சொந்தம் என்று பேசுகிறேனா? ஆமாம், பேசுகிறேன்!

சங்கத்தின் குறிப்பைக் கேளுங்கள்: “தாளமே இல்லை. டிரம் வாசிப்பவர் தூங்கிவிட்டார் போலும்.” அதைப் படித்துவிட்டு, அவள் வாசிக்கும் குழுவை நடத்தும் பியானோக்காரர் அவளிடம் சொல்கிறார்: “கோவிச்சுக்காதம்மா, சங்கமே இப்படி எழுதினப்புறம் டிக்கெட் விக்காது. சனிக்கிழமை கச்சேரிக்கு வேற ஆளப் பாத்துட்டேன்.” ஆறு வருட உழைப்பு, ஐயா! ஒரே வரியில் போயிற்று!

நேரே செயலாளர் அறைக்குப் போனேன். “எப்படிங்க கேட்டீங்க?” என்றேன்.

“எப்பவும் போலத்தான். எது வந்தாலும் கம்ப்யூட்டர்ல போட்டு இரைச்சல எடுத்துட்டுத்தான் கமிட்டிக்குப் போடுவேன். பெரியவங்க காது பாருங்க. இதுல ரொம்ப மோசம், முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் சரசரன்னு ஒரு சத்தம். சுத்தமாத் துடைச்சுட்டேன்.”

ஐயா! அந்தச் சரசரதான் என் அக்கா மகள்! குச்சியைக் கீழே வைத்துவிட்டு, கம்பி பிரஷ்ஷால் டிரம்மின் தோலைத் தடவித் தடவி, பாட்டையே தோளில் போட்டுத் தூங்கவைக்கும் வாசிப்பு அது! குழம்பைக் கொட்டிவிட்டு உப்பில்லை என்பதா? ஆளை வெளியே பூட்டிவிட்டு வீட்டில் ஆளில்லை என்பதா? தாளத்தைத் துடைத்தவர் தாளமில்லை என்று தீர்ப்பெழுதுவதா?

கை தட்டாதீர்கள். இன்று அவள் என்னிடம், “மாமா, சண்டை போடாதீங்க. ஒரு தடவை கேக்கச் சொல்லுங்க, போதும்” என்றாள். எனக்கு இன்னும் பத்து நிமிடம் தந்திருக்கிறீர்கள். மூன்றாம் பாட்டு ஒன்பது நிமிடம். என் நேரத்தை அவளுக்குக் கொடுக்கிறேன். கேட்டுவிட்டுத் தலைவர் பட்டியலில் கையெழுத்திடட்டும். முன்வரிசையில் இருக்கும் பியானோக்காரர் சனிக்கிழமைக்கு யாரென்று சொல்லட்டும்.

இவ்வளவு நேரம் காது கொடுத்த உங்களுக்கு நன்றி. இனி கொடுக்கப்போகும் காதுக்கு என் பெரிய வணக்கம்!

பாட்டைப் போடுங்கள். செயலாளரே, அந்தப் பொத்தானிலிருந்து கையை எடுங்கள்!